வேட்டு மருந்துக்கு ஒரு தராசு

என் கணவர் கோயில்களுக்கு வேட்டுப் போடுகிறவர். கொடி ஏறும்போது, சாமி வாசலைத் தாண்டும்போது, தேர் நிலைக்கு வந்து நிற்கும்போது ஊர் முழுக்க அதிருமே, அந்த வேட்டு. அது பட்டாசு இல்லை. முழங்கை நீள இரும்புக் குழாய்களை வரிசையாக மண்ணில் நட்டு, உள்ளே மருந்து போட்டு, மேலே செங்கல் தூளை வைத்துக் கெட்டித்து, அடியில் இருக்கும் துளையில் திரி செருகிக் கொளுத்த வேண்டும். வெடித்த குழாய் ஆறியதும் துடைத்துவிட்டு மறுபடி மருந்து, மறுபடி கெட்டிப்பு. சாமி ஊரைச் சுற்றி வருவதற்குள் ஒரே குழாயைப் பலமுறை நிரப்புவார்.

லைசென்ஸ் அவருடைய அப்பா காலத்திலிருந்து இருந்தது. காஞ்சிபுரத்தின் பெரிய கோயில்களுக்கு வேறு ஆட்கள். இவருக்குச் சுற்றுவட்டாரம்தான்: மாகறல் பக்கம், தென்னேரிப் பக்கம், வாலாஜாபாத்தைத் தாண்டிய அம்மன் கோயில்கள். திருவிழா இல்லாத மாதங்களில் தம்பியுடைய தறியில் பாவு நூல் பிணைக்கப் போவார். தம்பி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். தறி நெய்பவர். திருவிழாக்களுக்கு அண்ணனோடு துணையாகப் போவதும் அவர்தான்.

நான் பட்டு சொசைட்டியில் வேலை பார்த்தேன். நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுப்பதும், நெய்து வந்த சேலையை நிறுத்து வாங்குவதும் என் வேலை. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் பேச்சு எங்களுக்குப் பெரிய விஷயம். மாலையில் நான் வந்ததும் அவர் பேச ஆரம்பித்தால் படுக்கும்வரை பேசிக்கொண்டே இருப்போம். எங்கள் வீட்டில் மருந்து என்றால் வேட்டு மருந்துதான். உடம்புக்குச் சாப்பிடுவதெல்லாம் மாத்திரை, அது கஷாயமாக இருந்தாலும்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் மருந்தைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

"சத்தமே வர மாட்டேங்குது. எல்லாம் கலப்படம்" என்பார்.

மருந்து விற்றவர் ஆற்காட்டிலிருந்து வந்து கடை போட்ட ஒரு பாய். இவருக்கு இருபது வருடப் பழக்கம். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்கு பிரியாணி வரும், பொங்கலுக்கு அவர் வீட்டுக்குக் கரும்பு போகும். அந்த பாயிடம் போய், நாலு பேர் நிற்கும்போது, "கரித்தூள விக்கிறியா மருந்த விக்கிறியா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அன்றோடு அந்தக் கடைக்குப் போவதை விட்டுவிட்டு, செங்கல்பட்டில் வேறு கடை பிடித்தார். அந்த மருந்திலும் சத்தம் போதவில்லை.

அதே சமயத்தில் ஒரு ஊரின் தர்மகர்த்தா வீடு தேடி வந்தார். வயதானவர், நிதானமாகப் பேசுகிறவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"தப்பா நெனச்சிக்காதபா. நீ போட்டதுல கோபுரத்து பொம்ம ஒன்னு கை ஒடிஞ்சி வுழுந்துட்ச்சி. பக்கத்து வூட்டுல ஓடு சரிஞ்சி போச்சி. கொஞ்சம் கொறச்சிப் போடேன்."

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இன்னாங்க நீங்க, நான் சத்தமே வரலன்னு சொல்லிக்கினு இருக்கறேன்."

எனக்கு அப்போது ஏதோ உறுத்தியது. ஆனால் என்னவென்று புரியவில்லை. இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து வந்தேன். தெரு முனையிலேயே எங்கள் வீட்டுக் குக்கர் கத்துவது கேட்டது. உள்ளே போனால் அடுப்பிலிருந்து நாலடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். பருப்பு அடிபிடிக்கிற வாசனை. நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் நிறுத்தற? இன்னும் விசிலே வரலயே" என்றார்.

நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிவி சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டில் குறை சொன்னது, மூன்று முறை கூப்பிட்ட பிறகு "இன்னா?" என்று திரும்புவது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தினமும் பக்கத்தில் இருக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

சென்னையில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காதைச் சோதிக்க ஒரு கண்ணாடி அறை இருந்தது. அதற்குள் அவரை உட்கார வைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டார்கள். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வெளியே, மிஷினைத் திருகுகிற பெண்ணின் பக்கத்தில் நின்றேன். அவள் திருகினாள். இன்னும் கொஞ்சம் திருகினாள். அவர் விரல் அசையவில்லை. இன்னும் திருகினாள். அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "எப்ப ஆரம்பிப்பாங்க?" என்று கையால் சாடை காட்டினார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

நரம்பு போய்விட்டது, திரும்ப வராது என்று டாக்டர் சொன்னார். காதுக்கு மிஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கும், ஆனால் இந்தத் தொழிலை விட்டால் நல்லது என்றார். நான் அவர் காதருகே குனிந்து அதைச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். காத்திருந்த ஜனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்ப மருந்து சரியாதான் இருந்துதா?"

அவருக்கு முதலில் தோன்றியது அதுதான். மறுநாள் காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார், பாய் சொல்வதைக் கேட்டுச் சொல்ல. கடையில் நாலு பேர் இருக்கும்போதே, "பாய், மருந்து மேல தப்பு இல்ல. என் காது மேல தப்பு" என்றார். பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். உருதுவும் தமிழுமாகக் கலந்து சொன்னதால் எனக்கே பாதிதான் புரிந்தது. அவரிடம், "வருத்தமில்லன்னு சொல்றாரு" என்றேன்.

தொழிலை விடச் சொல்லி நானும் பேசிப் பார்த்தேன்.

"எங்கப்பாவும் கடைசில செவுடுதான். போட்டுக்கினுதான் இருந்தாரு" என்றார்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. ஏனென்றால் மற்றதெல்லாம் அவரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாலு பேர் பேசும் இடத்தில் யார் வாயைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பார். கல்யாண வீடுகளில் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருவார். காதில் வைக்கும் மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு வந்து கொட்டுகிறது என்று கழற்றி வைத்தார். எங்கள் வீட்டுப் பேச்சும் போயிற்று. எதைச் சொன்னாலும் கத்திச் சொல்ல வேண்டும். கத்திச் சொல்லத் தகுந்தது ஒரு குடும்பத்தில் எவ்வளவு இருக்கும்? சோறு போடட்டுமா, தண்ணி வந்துவிட்டது, நான் கிளம்புகிறேன். மற்றதை எல்லாம் நான் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகினேன்.

திருவிழா நாட்களில் மட்டும் அவர் பழைய மனிதராக இருந்தார். குழாய்களின் முன் உட்கார்ந்தால் யாரும் அவரோடு பேச வேண்டிய தேவையில்லை.

ஆனால் மருந்தை எப்படி அளப்பது? அதுவரை ஒரு பித்தளைக் கிண்ணத்தால்தான் மொண்டு போடுவார். தலைதட்டிப் போட்டால் ஒரு அளவு, கோபுரமாகக் குவித்துப் போட்டால் வேறு அளவு. எவ்வளவு குவிப்பது என்பதை முதல் வேட்டின் சத்தத்தைக் கேட்டு முடிவு செய்வார். இப்போது அந்தச் சத்தம் அவருக்கு இல்லை. கை தானாகக் குவித்துக்கொண்டே போகிறது.

தராசு வாங்கலாம் என்று சொன்னது நான்தான். சொசைட்டிக்கு அப்போதுதான் எலெக்ட்ரானிக் தராசு வந்திருந்தது. அதற்குமுன் ஜரிகை நிறுக்கும்போது தினமும் சண்டை. முள் இந்தப் பக்கம் நிற்கிறது என்று நெசவாளர் சொல்வார், அந்தப் பக்கம் நிற்கிறது என்று கணக்கர் சொல்வார். நம்பர் வந்த பிறகு சண்டை ஓய்ந்தது. எண்ணைப் பார்க்கக் காது வேண்டாம்.

"ஒரு குழாய்க்கு இவ்வளவுன்னு ஒரு தரம் முடிவு பண்ணிட்டா, அப்புறம் எந்த ஊரா இருந்தா இன்னா? பொட்டலம் கட்டி எடுத்துக்கினு போங்க" என்று அவர் காதில் கத்தினேன்.

கொஞ்சம் யோசித்தார். "நகைக்கடைல இருக்கறா மாரியா?" என்று கேட்டார்.

நகைக்கடைத் தராசையும் போய்ப் பார்த்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மூச்சு விட்டால்கூட எண் மாறும். அதோடு கரண்ட் வேண்டும். மருந்து இருக்கிற இடத்தில் ஒயரே கூடாது என்று அவர் அதோடு விட்டுவிட்டார். எங்கள் மருந்து அறை ஏனாத்தூர் போகும் வழியில், வயலுக்கு நடுவே, வீடுகளிலிருந்து தள்ளி இருந்தது. கரண்ட் இழுக்காத ஒற்றை அறை. பேட்டரித் தராசுதான் சரிப்படும்.

லீவு போட்டுவிட்டு ஒரு நாள் இரண்டு பேரும் சென்னைக்குப் போய், பாரிமுனைப் பக்கம் தராசு விற்கிற கடைகளில் ஏறி இறங்கினோம். சோதித்துப் பார்க்க மருந்தை பஸ்ஸில் எடுத்துப்போக முடியாது. அதனால் அவர் ரவையை ஒரு பொட்டலமாகவும் உப்பை ஒரு பொட்டலமாகவும் கட்டி மடியில் வைத்திருந்தார்.

"இன்னா வெயிட் போடப் போறீங்கம்மா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மருந்து."

"சித்த வைத்தியரா சார்?"

நான் இல்லை என்று சொல்வதற்குள் கடைக்காரர், டாக்டர்கள் எல்லாம் தன்னிடம்தான் வாங்குகிறார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். என் கணவர் அவர் பேசுவதைக் கவனிக்கவே இல்லை. முதல் தராசில் ரவைப் பொட்டலத்தை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண். தள்ளி வைத்தார். அடுத்தது சட்டைப்பையில் அடங்குகிற சின்னது, மூடி போட்டது. எனக்குப் பிடித்திருந்தது. அவர் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்துபோயிற்று.

"பேட்டரி மிச்சம் பண்றதுக்கு அதுவா ஆஃப் ஆயிடும் சார்" என்றார் கடைக்காரர்.

"பாதில தூங்கிடுதே" என்று அதையும் தள்ளினார்.

மூன்றாவதில் எண் நிற்காமல் ஆடியது. அவர் மேலே பார்த்தார், ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் வேர்த்துக்கொண்டே நிறுத்தினார். ஃபேன் நின்ற பிறகு எண்ணும் நின்றது. தட்டு எவர்சில்வர், வேகம் குறைவு, ஆனால் எத்தனை முறை வைத்து எடுத்தாலும் அதே எண். ரவையைப் பாதியாகப் பிரித்து நிறுத்தார். இரண்டு பாதியையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "இது சரி" என்றார். கூடவே ஒரு பித்தளை எடைக்கல் வந்தது. தராசு சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ள. அதைக் கையில் உருட்டிப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார்.

"இதுல இன்னொரு வசதி இருக்குது சார்" என்றார் கடைக்காரர். "வேண்டிய வெயிட்ட செட் பண்ணிட்டீங்கன்னா, அது வந்ததும் பீப் பீப்னு சத்தம் குடுக்கும். பாக்கவே வேணாம்."

அடித்தும் காட்டினார். என் கணவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"அது வேணாம்பா. அப்படியே குடு" என்றேன்.

ஒரு குழாய்க்கு எவ்வளவு என்பதைத் தம்பி சத்தம் கேட்டுச் சொல்ல முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் தராசு மட்டும் போதாது. தட்டில் சரியான எடை வரும்வரை கரண்டியால் போட்டு எடுத்துக்கொண்டிருந்தால் நாள் முழுக்க உட்கார வேண்டும். ஒரே திருப்பில் ஏறக்குறைய வேண்டிய அளவு விழுகிற மாதிரி ஒரு சாமான் வேண்டும். மிச்சத்தைத் தராசு பார்த்துக்கொள்ளும். டீத்தூள் பாக்கெட் போடுகிறவர்களுக்காக அதே தெருவில் பிளாஸ்டிக்கில் ஒன்று விற்றார்கள். கைப்பிடியைத் திருகினால் அளவாகக் கொட்டும். அழகாகத்தான் இருந்தது. அவர் அதை எடுத்துத் தன் முன்கையில் நாலு தேய் தேய்த்தார். முடி எல்லாம் எழுந்து நின்றது.

"பாத்தியா, மயிர இழுக்குது. மருந்த மட்டும் வுட்ருமா?" என்றார்.

தூள் ஒட்டிக்கொண்டால் அளவு தப்பும், அதைவிட அந்த இழுப்பே மருந்துக்கு ஆகாது என்று வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தார். தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. மருந்து, வெடி என்று காதில் விழுந்ததும் முன் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். கொஞ்சம் அழுகையும் வந்தது.

கடைசியில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பாத்திரக்காரர் பித்தளையில் செய்து கொடுத்தார். மேலே புனல், கீழே சின்ன அறை, அதன் அடியில் இழுத்து மூடுகிற தகடு. முதலில் செய்தது தகட்டின் ஓரத்தில் ஒழுகியது. திருத்தியதும் தகடு சிக்கியது. பாத்திரக்காரர் சலிக்காமல் இன்னொன்று செய்தார். அது சரியாக அமைந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலை முடித்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் மருந்து அறைக்குப் போவோம். கதவைத் திறந்து வைத்து வெளிச்சத்தில் உட்காருவோம். அவர் தகட்டை இழுத்து மருந்தைத் தட்டில் விடுவார். நான் எண்ணைப் பார்த்துக் கொஞ்சம் எடுப்பேன், கொஞ்சம் சேர்ப்பேன். சரியானதும் தலையசைப்பேன். அவர் பொட்டலம் மடிப்பார். மழை நாளில் மருந்து ஈரம் வாங்கிக்கொள்ளும். பித்தளைச் சாமானை அதே மாதிரி நிரப்பி விட்டாலும் எண் கூடுதலாகக் காட்டும். அப்போது வேலையை நிறுத்திவிட்டு வெயில் வரட்டும் என்று திரும்பிவிடுவோம். அந்த நேரங்களில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் அவர் காது போன பிறகு நாங்கள் சேர்ந்து இருந்தது என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

ஊர்களிலிருந்து குறை வருவது நின்றது. தர்மகர்த்தா என்னைப் பார்க்கிற இடத்தில் நின்று, "இப்பதான்பா காதுக்கு நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை மட்டும் என் கணவருக்குச் சொல்லவில்லை.

திருவிழாவில் தம்பி அவர் பக்கத்திலேயே இருப்பார். கொளுத்தியதும் இரண்டு பேரும் தள்ளி நிற்பார்கள். ஒவ்வொரு குழாய் வெடித்ததும் தம்பி அண்ணன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார். எல்லாக் குழாய்க்கும் தட்டு வந்த பிறகுதான் இவர் மறுபடி நிரப்பப் போவார். அவர்களே ஏற்படுத்திக்கொண்ட முறை. சில வருடங்கள் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

அந்த ஆடி மாதம் தென்னேரிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அம்மன் திருவிழா. நானும் பொங்கல் வைக்கப் போயிருந்தேன். பொழுது சாயும் நேரம், தூறல் போட்டு விட்டிருந்தது. புகை மேலே போகாமல் தரையோடு படிந்து நின்றது. அம்மன் புறப்பட்டது. வேட்டு அதிர்ந்தது. கூட்டத்தில் இருந்த பிள்ளைகள் சிலர் குழாய்கள் இருந்த பக்கம் ஓடினார்கள். தம்பி அவர்களைத் தடுக்கக் கையை விரித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் நடந்தது.

ஒரு குழாய் வெடிக்கவில்லை. திரி உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருந்திருக்கிறது. புகையில் இவருக்குத் தெரியவில்லை. தம்பி பக்கத்தில் இல்லை என்பதையும் கவனிக்கவில்லை. முதுகில் தட்டு விழுந்ததாக நினைத்தாரா, கூட்டத்தில் வேறு யாருடைய கையாவது பட்டதா, கடைசிவரை தெரியவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குழாயின் மேல் குனிந்தார்.

நான் அடுப்புக்கு முன்னால் இருந்தேன். "அண்ணா!" என்று ஒரு குரல் கேட்டது. திரும்புவதற்குள் வெடித்தது.

வலது கை மணிக்கட்டோடு போயிற்று. முகத்திலும் மார்பிலும் தீக்காயம். கண்கள் தப்பின. காஞ்சிபுரத்தில் கட்டுப் போட்டுச் சென்னைக்கு அனுப்பினார்கள். பல வாரம் அங்கேயே இருந்தோம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மருந்து அறையைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். தராசு, பித்தளைச் சாமான், மீதிப் பொட்டலங்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லிவிட்டு, "ஓவர் லோடுன்னுதான்மா நெனச்சோம். எல்லா பொட்டலத்தையும் வெயிட் போட்டுப் பாத்தோம். ஒரு துளி வித்தியாசம் இல்ல. யாரு நிறுத்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"மருந்து மேல தப்பு ஒன்னும் இல்லம்மா" என்றார்.

அங்கேயே, அந்த மேஜையின் முன்னால், வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு கடை ஏறி இறங்கினோம். எது நிற்கும் எது ஆடும் என்று எவ்வளவு பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. தராசையும் மற்றதையும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் கேட்டுப் போகவில்லை. லைசென்ஸ் வேண்டாம் என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

தம்பி முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கத்திட்டேன் அண்ணி" என்றார். "ஓடிப்போய்த் தொட்டிருக்கணும். கத்திட்டேன். கேக்காதுன்னு தெரியும், கத்திட்டேன்."

"எட்ட இருந்தீங்க தம்பி. யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க" என்றேன். அது அவர் மனதில் இறங்கவில்லை. அதன் பிறகு அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வரவில்லை. அவர் மனைவி மட்டும் குழம்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தறிக்குழியிலிருந்து எழுந்திருப்பதே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இவர் ஒரு நாள் கேட்டார், "தம்பி ஏன் வரல?"

இதை எப்படிக் கத்திச் சொல்வது? தெரு முழுக்கக் கேட்கும். கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து, என் வாயைப் பார்க்கச் சொல்லி, சத்தமில்லாமல் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவரு எட்ட இருந்தாரு. பாத்தாரு. அண்ணான்னு கத்தினாரு.

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணான்னா கத்தினான்?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். "எனக்குக் கேக்கலயே" என்றார். கை போனதற்கு அழாதவர் அதற்கு அழுதார்.

பிறகு சட்டையைக் கொண்டுவரச் சொன்னார். நான் பொத்தான் போட்டுவிட்டேன். இரண்டு தெருவையும் நடந்தே போனோம். தம்பி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார், ஆனால் தறி ஓடவில்லை. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கத் தெரியாமல் அப்படியே இருந்தார். இவர் தறிக்குழி ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாத குரலில், "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து துண்ணு. அவ ஒருத்தி சமைச்சி யாரு துண்றது?" என்றார்.

தம்பி வந்தார்.

இவருக்கு அப்போது சாப்பிடுவதுதான் பெரிய கஷ்டம். இடது கையால் யார் எதிரிலும் சாப்பிட மாட்டார். அவமானம். ஸ்பூன் கொடுத்தாலும் ஒதுக்கிவிடுவார். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு நான் ஊட்டுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இரண்டு பேருக்கும் இலை போட்டேன். தம்பி இருக்கிறார் என்பதால் இவர் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நான் பிசைந்து ஊட்டலாமா, வேண்டாமா என்று தயங்கி நின்றேன்.

தம்பி இலையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை. பாதி வாய்க்குப் போயிற்று, பாதி வேட்டியில் சிந்தியது.

"இன்னாடா இது, சோத்துக் கையால துண்ணுடா" என்று இவர் அதட்டினார்.

தம்பி நிமிரவில்லை. அடுத்த கவளத்தை எடுத்தார். இவர் என்னைப் பார்த்தார், மறுபடி தம்பியைப் பார்த்தார். பிறகு இடது கையை மெதுவாக இலையில் வைத்தார்.

நான் ரசம் எடுத்து வரும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இலையைச் சுற்றித் தரையெல்லாம் சோறு.